26 வயதில் மறைந்த கவிராயர்: ஆட்டம் நிற்காத காவடிச் சிந்து!

காவடிச் சிந்து கேட்காத தமிழர் உண்டா?

தைப்பூசம் வந்தால் போதும். பங்குனி உத்திரம் வந்தால் போதும். தெருவில் காவடி வரும். பம்பை முழங்கும். தவில் அதிரும். நாயனக்காரர் ஒரு மெட்டை எடுத்து விடுவார். அவ்வளவுதான்! காவடி தூக்கியவர் மட்டுமா ஆடுகிறார்? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் விரலும் தாளம் போடும். இடுப்பில் இருக்கும் குழந்தையும் குதிக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைக்கு ஏறுங்கள். காப்பித் தோட்டங்களைத் தாண்டிக் கொட்டச்சேடு வரை போங்கள். அங்கே நின்று இந்த மெட்டைப் பாடினாலும், கேட்பவர் கால் சும்மா இராது. சென்னைப் பட்டணத்தில் பாடினாலும் அப்படியே. மலேசியாவில் பாடினாலும் அப்படியே.

இந்த மெட்டைத் தெரியாதவர் இல்லை. ஆனால், இந்தப் பாட்டுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் யார் என்று கேட்டால், பலரும் விழிப்பார்கள்.

அவர் பெயர் அண்ணாமலை ரெட்டியார். காவடிச் சிந்தின் தந்தை என்று புலவர்கள் அவரைப் போற்றுகிறார்கள். அவர் பூமியில் வாழ்ந்தது 26 ஆண்டுகள்தான். அவர் மறைந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் தொடங்கி வைத்த ஆட்டம் இன்னும் நிற்கவில்லை!

அந்தக் கதையைப் பார்ப்போம்.

சென்னிகுளத்துப் பையன்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் என்ற ஊர் இருக்கிறது. சிவனும் திருமாலும் ஓருருவாக, சங்கரநாராயணராகக் காட்சி தரும் தலம் அது. ஆடித் தபசு திருவிழாவுக்குப் பெயர் பெற்றது. அந்த வட்டாரத்தில் உள்ள சிற்றூர்தான் சென்னிகுளம். அப்போது அது திருநெல்வேலிச் சீமையில் சேர்ந்திருந்தது.

1865-ம் ஆண்டு அங்கே சென்னவ ரெட்டியாருக்கும் ஓவு அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் அண்ணாமலை.

அது மழையை நம்பி வாழும் பூமி. மழை பெய்தால் சோறு. பொய்த்தால் பட்டினி. அண்ணாமலைக்கு 11 வயது ஆனபோது, 1876-ம் ஆண்டில், சென்னை ராஜதானியையே உலுக்கிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் கதை சொல்வார்களே, அதுதான். 1878 வரை அது நீடித்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பையனுக்குப் படிப்பு என்றால் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். பிறகு பனை ஓலை, எழுத்தாணி. கணக்குப் போடவும், கடிதம் படிக்கவும் தெரிந்தால் போதும் என்பது ஊர் வழக்கம்.

அண்ணாமலைக்கு அது போதவில்லை. ஒரு தடவை கேட்ட பாட்டு அவர் மனத்தில் ஒட்டிக் கொள்ளும். சிறு வயதிலேயே அவர் தாமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கி விட்டார்.

புலவர் என்றால் லேசா?

அந்த நாளில் புலவர் என்று பெயர் எடுப்பது லேசான காரியம் அல்ல. இலக்கணம் தெரிய வேண்டும். யாப்பு தெரிய வேண்டும். அந்தாதி பாட வேண்டும். திரிபு பாட வேண்டும்.

திரிபு என்றால் என்ன? ஒரு செய்யுளில் நான்கு அடிகள் இருக்கும். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் முதல் எழுத்து மட்டும் மாறும். அடுத்து வரும் எழுத்துகள் நான்கு அடியிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால், பொருள் மட்டும் அடிக்கு அடி வேறாக இருக்க வேண்டும்!

அந்தாதி என்றால்? ஒரு செய்யுள் எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லில் அடுத்த செய்யுள் தொடங்க வேண்டும். மாலை தொடுப்பது போலத் தொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் அது திரிபந்தாதி. கம்பி மேல் நடப்பது போன்ற வித்தை. அண்ணாமலை ரெட்டியார் அந்த வித்தையிலும் தேர்ந்தார். சங்கரன்கோவில் இறைவன் மேல் திரிபந்தாதி பாடினார். அங்கே குடிகொண்ட கோமதி அம்மன் மேல் அந்தாதி பாடினார். பக்கத்துத் தலமான கரிவலம்வந்தநல்லூர் இறைவன் மேல் கருவை மும்மணிக்கோவை பாடினார்.

தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசை அவரைத் திருவாவடுதுறை வரை இழுத்துச் சென்றது. தஞ்சைச் சீமையில் உள்ள அந்தச் சைவ ஆதீனம், அப்போது தமிழ்ப் படிப்புக்குப் பெரிய இடம். சுப்பிரமணிய தேசிகர் அதன் தலைவராக இருந்தார். புலவர்களை ஆதரிப்பதில் அவருக்கு இணை இல்லை. மடத்திலேயே சாப்பாடு. மடத்திலேயே படிப்பு.

அங்கே உ. வே. சாமிநாதையரிடம் அண்ணாமலை ரெட்டியார் சில காலம் பாடம் கேட்டார். ஓலைச் சுவடிகளைத் தேடி அலைந்து, சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் அச்சில் ஏற்றித் தந்தாரே, அந்தத் தமிழ்த் தாத்தாதான் அவர்.

ஆனாலும் ரெட்டியார் மடத்தில் நிலையாகத் தங்கவில்லை. தெற்கே, தம் சொந்தச் சீமைக்கே திரும்பினார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது.

ஊற்றுமலை ஜமீன்தார்

தென்பாண்டிச் சீமை அந்த நாளில் ஜமீன்கள் நிறைந்த சீமை. எட்டயபுரம், சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை என்று பல ஜமீன்கள். நல்ல ஜமீன்தார் வாய்த்தால் புலவருக்குச் சோறு கிடைக்கும். இல்லாவிட்டால் புலமை இருந்தும் பட்டினிதான்.

ஊற்றுமலைக்கு அப்போது ஜமீன்தாராக இருந்தவர் இருதயாலய மருதப்பத் தேவர். அவருடைய அரண்மனை வீரகேரளம்புதூரில் இருந்தது. அவர் தமிழை நேசித்தவர். பாட்டின் சுவை தெரிந்தவர். புலவர் கூட்டம் அவரைச் சுற்றி எப்போதும் இருக்கும்.

அந்தச் சபைக்கு அண்ணாமலை ரெட்டியார் வந்து சேர்ந்தார். வயதில் சின்னவர். ஆனால், பாட்டில் பெரியவர். மருதப்பத் தேவருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. சமஸ்தானப் புலவராக அவரை வைத்துக் கொண்டார்.

ஜமீன்தார் முருக பக்தர். அவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தார். அந்தக் காவடிதான் தமிழுக்கு ஒரு புதையலைக் கொண்டு வந்தது!

இடும்பன் சுமந்த இரண்டு மலை

காவடி எப்படி வந்தது என்பதற்கு ஒரு புராணக் கதை உண்டு.

அகத்திய முனிவர் இடும்பன் என்ற அசுரனை அழைத்தார். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தெற்கே கொண்டு வரச் சொன்னார். இடும்பன் ஒரு கம்பின் இரு முனையிலும் இரண்டு மலைகளையும் கட்டினான். பாம்புகளே கயிறு. தோளில் தூக்கி வந்தான்.

பழனிப் பக்கம் வந்ததும் இளைப்பாற இறக்கி வைத்தான். பிறகு தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்று கொண்டிருந்தான். சண்டை வந்தது. இடும்பன் மாண்டு விழுந்தான். அந்தச் சிறுவன்தான் முருகன். பிறகு முருகன் மனம் இரங்கி இடும்பனை உயிர்ப்பித்தான். தன்னைப் போலத் தோளில் சுமந்து வருபவர்களுக்கு அருள் செய்ய வேண்டும் என்று இடும்பன் வரம் கேட்டுப் பெற்றான்.

அன்று முதல் காவடி எடுக்கிறார்கள் என்பது ஐதிகம். ஒரு தண்டு. அதன் மேல் வளைவு. மயில் பீலி. இரு பக்கமும் பால் செம்பு. பால் காவடி, பன்னீர்க் காவடி, புஷ்பக் காவடி, மச்சக் காவடி என்று பல வகை உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பஸ் கிடையாது. ஊற்றுமலைச் சீமையிலிருந்து கழுகுமலைக்கு நடந்துதான் போக வேண்டும். அது காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரம் அல்ல. தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழே கல்லும் முள்ளும். தோளில் பாரம்.

இந்தக் களைப்பை மறக்க என்ன வழி? பாட்டுத்தான் வழி!

ஜமீன்தார் காவடியோடு நடந்தார். பரிவாரம் பின்னால் நடந்தது. அந்த யாத்திரைக்காக அண்ணாமலை ரெட்டியார் பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டுகள்தான் காவடிச் சிந்து. இருபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் இருக்கின்றன.

காலுக்கு அளந்து தைத்த பாட்டு

சிந்து என்பது ரெட்டியாருக்கு முன்பே தமிழ்நாட்டில் இருந்தது. வழி நடப்பவர் பாட வழிநடைச் சிந்து இருந்தது. நொண்டி நாடகத்தில் நொண்டிச் சிந்து இருந்தது. காவடி எடுத்தவர்களும் ஏதேதோ பாடிக்கொண்டுதான் போனார்கள். ஆனால், பெரிய வித்துவான்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அது பாமரர் பாட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள்.

அண்ணாமலை ரெட்டியார் ஒதுக்கவில்லை. தாம் படித்த படிப்பை எல்லாம் அந்தப் பாமரர் பாட்டில் கொண்டு வந்து கொட்டினார்!

அதில் என்ன சூட்சுமம்?

காவடி தூக்கியவர் சும்மா நடப்பதில்லை. ஒரு சாய்வு, ஒரு நிமிர்வு, ஒரு சுற்று என்று ஆடி ஆடி நடக்கிறார். தோளில் உள்ள தண்டும் கூடவே ஆடும். பாட்டு அந்த ஆட்டத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கால் இடறும்.

ரெட்டியார் பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். ஒரு துண்டுக்கு ஒரு மிதி. இரண்டு மூன்று துண்டுகள் ஒரே ஓசையில் முடியும். பிறகு ஒரு நீண்ட துண்டு வரும். அதில் சொற்கள் மடமடவென்று உருண்டு ஓடும். கடைசியில் ஒரு சின்னச் சொல் வந்து, ஆணி அடித்தது போல் நிற்கும். அந்த இடத்தில் ஆடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றி மூச்சு வாங்கிக் கொள்ளலாம்.

பாடுகிறவருக்கும் இதனால் வசதி. முதல் துண்டின் ஓசை அடுத்த துண்டை ஞாபகப்படுத்தும். எதுகையும் மோனையும் சங்கிலி போல் இழுத்துக்கொண்டு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டு தடவை கேட்டால் பாடி விடலாம்.

எல்லாப் பாட்டும் ஒரே நடை அல்ல. சில பாட்டுகள் மெல்ல அசையும். சில துள்ளும். சில குதித்து ஓடும். வழி நெடுக ஒரே மாதிரி நடக்க முடியுமா? மேட்டில் ஒரு நடை. சமவெளியில் ஒரு நடை. கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் வேறு நடை. அதைப் போலத்தான் பாட்டின் நடையும் மாறுகிறது.

திரிபும் அந்தாதியும் பாடிப் பழகிய கை என்பதால்தான் இந்த வேலை அவருக்குச் சுலபமாக வந்தது. கம்பி மேல் நடந்தவருக்குத் தெருவில் நடனமாடத் தெரியாதா?

பாட்டில் என்ன இருக்கிறது?

பாட்டில் முருகன் இருக்கிறான். வள்ளி இருக்கிறாள். கழுகுமலை இருக்கிறது.

கழுகுமலை இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறது. அங்கே முருகன் கோயில் மலையைக் குடைந்து அமைந்தது. மலையின் மேலே வேறோர் அதிசயமும் உண்டு. அதுதான் வெட்டுவான் கோயில். பாண்டியர் காலத்தில், 8-ம் நூற்றாண்டில், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிச் செய்த கோயில். சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் அந்தப் பாறையில் வரிசையாக உள்ளன.

ரெட்டியார் இந்த ஊரின் வளத்தைப் பாடினார். கோயிலின் சிறப்பைப் பாடினார். பக்தர் கூட்டத்தின் ஆரவாரத்தைப் பாடினார். அதோடு நின்று விடவில்லை. முருகன் மேல் காதல் கொண்ட பெண்ணின் ஏக்கத்தையும் பாடினார். தூக்கம் இல்லாமல் தவிக்கிறாள் ஒருத்தி. தோழியைத் தூது அனுப்புகிறாள். சிருங்காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பக்திக்காரரும் ரசித்தார்கள், இளவட்டங்களும் ரசித்தார்கள்.

விளக்கு அணைந்தது

இப்படிப் பாடிய கவிஞர் நெடுநாள் வாழவில்லை. 1891-ம் ஆண்டு அண்ணாமலை ரெட்டியார் காலமானார். அப்போது அவருக்கு 26 வயது.

மற்றவர்கள் வாழ்க்கையைத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் அவர் எழுதி முடித்து விட்டார். கழுகுமலை மேல் நிற்கும் வெட்டுவான் கோயிலும் முழுக்கக் கட்டி முடியாத கோயில்தான். சிற்பிகள் பாதியில் நிறுத்தி விட்டார்கள். ஆனால், செதுக்கிய வரைக்கும் அழகு குறையவில்லை. ரெட்டியாரின் வாழ்க்கையும் அப்படித்தான்.

அவருக்குச் சோறிட்ட ஜமீனும் பிற்காலத்தில் மறைந்தது. 1948-ல் வந்த சட்டம் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையையே ஒழித்தது. அரண்மனைச் சபைகள் கலைந்தன. அந்தச் சபையில் புலவர்கள் மெச்சிய திரிபந்தாதியை இன்று தேடிப் படிப்பவர் சிலர்தான்.

ஆனால் காவடிச் சிந்து? அது எந்த அரண்மனையையும் நம்பி இருக்கவில்லை. மக்களின் காலை நம்பி இருந்தது. மக்கள் நடந்தார்கள். அதுவும் கூடவே நடந்தது!

வாயிலிருந்து வாய்க்கு

பாட்டு எப்படிப் பரவியது?

முதலில் யாத்திரைக்காரர்கள் பரப்பினார்கள். ஒரு சீமைக்காரர் பாடியதை வேறு சீமைக்காரர் திருவிழாவில் கேட்டார். ஊருக்குப் போய்ப் பாடினார். நாயனக்காரர் அதை வாசித்தார். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். அவற்றில் காவடிச் சிந்துகளும் இருந்தன. ரெட்டியார் போட்ட வழியில் மற்றவர்களும் சிந்து கட்டினார்கள். முருகன் இருக்கும் ஊர்தோறும் ஒரு காவடிச் சிந்து முளைத்தது.

கழுகுமலை அந்த நாளில் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. அந்த எட்டயபுரத்தில் 1882-ல் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் சுப்பிரமணிய பாரதியார். ரெட்டியார் காலமானபோது பாரதி சிறுவர். பின்னாளில் பாரதியார் நாட்டு விடுதலைக்குப் பாட வந்தபோது, பண்டிதர் மட்டும் அறிந்த நடையைத் தேடவில்லை. சிந்து, கண்ணி, கும்மி என்று மக்கள் வாயில் இருந்த மெட்டுகளையே எடுத்துக் கொண்டார். தென்பாண்டிச் சீமையின் தெருக்களில் ஒலித்த அந்த ஓசை, தேச பக்திப் பாட்டுக்கும் உதவியது.

அதற்குப் பிறகு காவடிச் சிந்து சங்கீத மேடையிலும் ஏறியது. பெரிய கீர்த்தனங்களும் ராகம், தானம், பல்லவியும் பாடி முடித்த பின், கச்சேரியின் கடைசிப் பகுதியில் வித்துவான்கள் ஒரு காவடிச் சிந்து பாடுவதுண்டு. பெரும்பாலும் செஞ்சுருட்டி ராகத்தில் பாடுவார்கள். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த சபையும் அப்போது அசையும்!

பரத நாட்டிய மேடையிலும் காவடிச் சிந்துக்கு இடம் கிடைத்தது. சலங்கை கட்டிய பெண்கள் காவடியைத் தோளில் வைத்து ஆடுவதை எத்தனையோ மேடைகளில் பார்க்கிறோம். சினிமாவும் அந்த மெட்டை விட்டு வைக்கவில்லை.

தெருவில் பிறந்த பாட்டுக்கு மேடையில் நாற்காலி போட்டார்கள். ஆனாலும் அது தெருவை மறக்கவில்லை. சேலம் மாவட்டத்து இடைப்பாடி மக்களைப் பாருங்கள். தைப்பூசம் முடிந்த பிறகு அவர்கள் காவடியோடு பழனிக்கு நடந்தே போகிறார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். பழனி மலை மேலேயே ஓர் இரவு தங்குகிறார்கள். பல தலைமுறையாக நடந்து வரும் வழக்கம் இது. பஸ்ஸும் ரெயிலும் வந்த பிறகும் இவர்களைப் போன்றவர்கள் நடப்பதை விடவில்லை. நடக்கும் கால் இருக்கும்போது, நடைப் பாட்டுக்கு என்ன குறை?

கடல் தாண்டிய காவடி

பஞ்சத்தாலும் வறுமையாலும் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். மலேயா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று தோட்ட வேலைக்குப் போனார்கள். மூட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முருகனைக் கொண்டு போனார்கள். காவடியைக் கொண்டு போனார்கள். பாட்டைக் கொண்டு போனார்கள்.

மலேசியத் தலைநகர் கோலாலம்பூர் அருகே பத்துமலை என்ற குகைக் கோயில் இருக்கிறது. அங்கே 1892-ல் தைப்பூசத் திருவிழா தொடங்கியது. ரெட்டியார் மறைந்த மறு வருடம் அது! இன்று அந்தக் குகைக்கு ஏற 272 படிகள். படிகளின் அடியில் 140 அடி உயர முருகன் சிலை. 2006-ல் அந்தச் சிலையைத் திறந்தார்கள். தைப்பூசத்தன்று உறுமி மேளம் முழங்க, லட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

மொரீஷியஸ் தீவில் தைப்பூசக் காவடிக்கு அரசாங்கமே விடுமுறை விடுகிறது. அங்குள்ள தமிழர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனாலும் காவடி என்ற சொல் மட்டும் தமிழாகவே இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு விசேஷம் நடந்தது. 1973-ல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை விதித்தார்கள். மேளம் நின்றது. காவடி நின்றதா? இல்லை. கூட வந்தவர்கள் வாயாலேயே பாடினார்கள். கை தட்டினார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓட்டினார்கள். 2016-ல், ஊர்வலப் பாதையில் சில இடங்களில் வாத்தியம் வாசிக்க மறுபடி அனுமதி கிடைத்தது.

ஆட்டப் பாட்டின் பலம் இதுதான். மேளத்தைப் பறித்தாலும் வாய் இருக்கிறது. வாயை மூடினாலும் கால் இருக்கிறது.

அமெரிக்காவில் ஓர் ஆட்டப் பாட்டு

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் அல்ல.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்த இசை ஒன்று உண்டு. ரிதம் அண்ட் புளூஸ் என்று அதற்குப் பெயர். அந்த இசையில் ஹாங்க் பல்லார்ட் என்பவர் ட்விஸ்ட் என்ற ஆட்டப் பாட்டை எழுதினார். அவர் பாடிய இசைத்தட்டு 1959-ல் வெளிவந்தது. அதற்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. மறு வருடம் அதே பாட்டைச் சப்பி செக்கர் என்ற இளைஞர் பாடினார். 1960-ல் அது அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது. 1962-ல் மறுபடியும் முதல் இடம் பிடித்தது! இடுப்பை முறுக்கி ஆடும் அந்த ஆட்டம் உலகமெங்கும் பரவியது. நம் சினிமாவிலும் ட்விஸ்ட் ஆடினார்கள்.

ட்விஸ்ட் என்றால் உலகம் சப்பி செக்கரைத்தான் நினைக்கும். பாட்டை எழுதிய பல்லார்டை நினைப்பவர் குறைவு.

பக்திப் பாட்டு வேறு. கேளிக்கைப் பாட்டு வேறு. ஆனாலும் இரண்டுக்கும் நேர்ந்தது ஒன்றுதான். பாட்டு ஜனங்களுக்குப் பிடித்து விட்டால், அதை எல்லோரும் தங்கள் பாட்டாகவே எண்ணிக் கொள்கிறார்கள். யார் எழுதியது என்று கேட்க மறந்து விடுகிறார்கள். பாட்டுக்கு அது வெற்றி. எழுதியவருக்கு அது நஷ்டம்.

பாட்டுக்குள் ஒளிந்த பெயர்

ஆனால், அண்ணாமலை ரெட்டியார் ஏமாறவில்லை!

காவடிச் சிந்தில் மிகவும் புகழ் பெற்ற பாட்டு ஒன்று உண்டு. முருகனின் பெருமையை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. அதற்குள் தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் ரெட்டியார் தொடுத்து வைத்திருக்கிறார். சென்னிகுளத்தில் வசிக்கும் அண்ணாமலை சொல்லும் கவிதையை, முருகன் தன் தோளில் மாலையாக அணிந்து கொள்கிறான் என்பது அதன் கருத்து.

பாட்டின் ஓசையோடு ஓசையாக அந்தப் பெயர் கலந்து ஓடுகிறது. அதை எடுத்து விட்டால் தாளம் நொண்டும். ஆகவே யாரும் எடுக்க முடியாது. பாடுகிறவர் அறிந்து பாடினாலும் சரி, அறியாமல் பாடினாலும் சரி, அந்தப் பெயரையும் சேர்த்தே பாட வேண்டும்.

அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் 130 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயரைப் பாடி, அந்தப் பெயருக்கும் ஓர் அடி எடுத்து வைத்து ஆடி வருகிறார்கள்.

அடுத்த தைப்பூசத்தன்று உங்கள் தெருவிலும் காவடி வரும். யாராவது அந்தப் பாட்டை எடுப்பார்கள். குழந்தைகளையும் அழைத்து வாசலில் நிறுத்துங்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சென்னிகுளம் வரும். அதன் பின்னாலேயே அண்ணாமலையும் வருவார்.